கிழவி மேய்ந்த புல்

ஒழித்துவிடலாம் என்றுதான் மாப்பிள்ளை அந்தப் புல்லை உழுதார். எண்ணம் நல்ல எண்ணம். டிராக்டர்தான் இரவல்.

மேய்ச்சல் நிலத்தின் ஒரு மூலையில், சோளப்பயிருக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி நின்றுகொண்டிருந்த களைப்புல் அது. மேலே பார்க்கச் சாது. மண்ணுக்கடியில் விரல் தடிமனுக்கு வேர்த்தண்டு ஓடும். அதைக் கலப்பை துண்டு துண்டாக நறுக்கியது. நறுக்கியதை நிலம் முழுக்க இழுத்துப் போய்ப் பரப்பியது. ஒரு மழை பெய்ததும் ஒவ்வொரு துண்டும் தனிக்குடித்தனம் தொடங்கிவிட்டது. மாட்டுக்கென்று விதைத்திருந்த நல்ல புல் போன இடம் தெரியவில்லை.

"கையால விதைச்சாக்கூட இவ்வளவு நேர்த்தியா வராது மாப்பிள்ளை," என்றார் மாமனார், ஜன்னல் வழியே பார்த்து. அவருடைய இடது கால் மாவுக்கட்டில் இருந்தது. கட்டிலும் ஜன்னலும்தான் இப்போது அவருடைய அலுவலகம்.

மாப்பிள்ளை செருப்புக்கடையில் வேலை பார்த்தவர். கடையை மூடிவிட்டார்கள், மனைவியோடு மாமனார் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். நடந்து வருகிறவரின் பாதத்தைப் பார்த்தே அளவு சொல்லிவிடுவார். மாட்டுக்கு நான்கு பாதம் இருந்தும் அந்தத் திறமை இங்கே செல்லுபடியாகவில்லை.

உழவுக்குப் பிறகு மாமியார் அவரோடு நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டார். சொல்ல வேண்டியதைப் பாத்திரங்களிடம் சொல்வார். "சோறு ஆறிப்போகுது" என்று சொம்பைப் பார்த்துச் சொன்னால், சொம்பு சார்பில் மாப்பிள்ளை வந்து உட்கார வேண்டும்.

இரவில் கட்டிலருகே அப்பாவுக்குத் துணையாக மனைவி படுத்துக்கொண்டாள். மாப்பிள்ளைக்குச் சாமான் அறை. போன வருஷம் நன்றாகக் காய்ந்த அதே களைப்புல்லைக் கோணியில் அடைத்துத் தைத்த மெத்தை. படுத்தால் சலசலவென்று பேசும். அந்த வீட்டில் அவரோடு தாராளமாகப் பேசிய ஒரே ஜீவன் அதுதான்.

"ஒழிக்க முடியாததைக் கூட வச்சுக்கிட்டு வாழப் பழகணும்," என்றார் மாமனார். மாப்பிள்ளையை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "எனக்கு அது பழக்கம்தான். அந்தப் புல்லு வளரட்டும். அறுத்து, மடக்கினா முறியிற அளவுக்குக் காயவச்சு, கட்டிப் போடுங்க. மாடு நல்லாவே தின்னும்."

புல் வளர்ந்தது. அறுத்தார்கள். பாதி காய்ந்திருந்தபோது மேகம் கூடியது.

மாப்பிள்ளை வானத்தைப் பார்த்தார், புல்லைப் பார்த்தார், பதறினார். காய்ந்தும் காயாததுமாக அள்ளிக் கட்டிக் கொட்டகைக்குள் திணித்தார். இடம் போதவில்லை. அங்கே இருந்த பழைய காய்ந்த புல்லையெல்லாம் வெளியே எடுத்து அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடினார். காற்று வந்து முதல் வேலையாகத் தார்ப்பாயைக் கொண்டுபோனது. மழை மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

சில நாள் கழித்துக் கொட்டகையைத் திறந்தால் குப்பென்று ஆவி அடித்தது. கட்டுக்குள் கைவிட முடியவில்லை, அவ்வளவு சூடு. பிரித்தால் உள்ளே கறுப்புப் பூஞ்சை.

"பழசை வெளியில நனைச்சு, புதுசை உள்ள வேகவச்சுட்டீங்க," என்றார் மாமனார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் மாப்பிள்ளையை உலுக்கியது.

அதற்கப்புறம் மழை திரும்பிப் பார்க்கவில்லை. அக்கம்பக்கத்தில் தீவனம் கேட்டாயிற்று. அவரவர் மாட்டுக்கே இல்லை என்று அவரவர் கையை விரித்தார்கள். தொழுவத்தில் ஐந்து கறவை மாடு. அந்த வீட்டின் சோறு, மருந்து, விளக்கு எல்லாம் அந்த ஐந்தின் மடியிலிருந்துதான் வரவேண்டும். விலா எலும்பு ஒவ்வொன்றாக வெளியே வந்து முகம் காட்டத் தொடங்கியது. ஆறாவதாகக் கிழவி. மாமியார் கன்றிலிருந்து வளர்த்த மாடு. பால் வற்றி வருஷங்களாகிறது, பல்லும் தேய்ந்துவிட்டது.

அப்போது ஒரு தூறல் விழுந்தது. அறுத்த நிலத்தில் கணுக்கால் உயரத்துக்கு இளம்பச்சையாகத் தளிர் கிளம்பியது. மாடுகள் வேலிக்கு மேல் கழுத்தை நீட்டிக்கொண்டு கத்தின.

மாப்பிள்ளை மாட்டு டாக்டரைக் கூட்டிவந்தார்.

"இது சோளத்தோட சாதி," என்றார் டாக்டர். "வறட்சியில வாடி, அப்புறம் துளிர்க்கிற குருத்துல விஷம் ஏறும். காஞ்ச புல்லுன்னா பயமில்ல. பச்சையா விடறதுன்னா இடுப்பளவு வளரட்டும்."

"யார் இடுப்பு சார்?"

டாக்டர் குள்ளமானவர்.

"அதுவரைக்கும் மாடு தாங்காது சார். இப்ப விடலாமா, கூடாதா? ஒரே வார்த்தை சொல்லுங்க."

"விஷம் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். லேபுக்கு அனுப்பலாம், பதில் வர்றதுக்குள்ள புல்லு பெருசாயிடும், மாடு சிறுசாயிடும். ஒண்ணு மட்டும் சொல்றேன். வெறும் வயித்தோட மட்டும் விட்டுடாதீங்க."

மாப்பிள்ளை இதை அப்படியே கட்டிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

"பசியில்லேன்னா மாடு எதுக்குய்யா மேயணும்?" என்றார் மாமனார். அடுக்களைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "முதல்ல கிழவியை விட்டுப் பாருங்க."

"மாமா!"

"மூணு நாள் அது மேஞ்சு நின்னுச்சுன்னா மத்ததை விடலாம். விழுந்துச்சுன்னா... வேற என்ன வழி இருக்கு, நீங்களே சொல்லுங்க."

மாப்பிள்ளையிடம் வழி இல்லை. இருந்த வழிகளையெல்லாம் அவர்தான் அடைத்திருந்தார். அடுக்களையில் ஒரு தட்டு கீழே விழுந்து வெகுநேரம் சுற்றி நின்றது.

மறுநாள் காலை கிழவியை ஓட்டிக்கொண்டு போனார். அவளும் மறுப்பே இல்லாமல், கல்யாணத்துக்குக் கிளம்பியவள் மாதிரி நிதானமாக நடந்தாள். நிலத்தின் நடுவில் முளையடித்து நீளக் கயிற்றில் கட்டினார்.

"கிழவி, உனக்கும் எனக்கும் இந்த வீட்ல ஒரே உத்தியோகம்," என்றார். "தின்னுட்டு நிக்கிறது. இன்னிக்கு உனக்குப் பதவி உயர்வு. கோபிச்சுக்காத."

கிழவி அவர் தோளை நக்கினாள். அதோடு அவருக்குத் தைரியம் போய்விட்டது. தலை குனிந்து அவள் முதல் வாய் கடிப்பதைப் பார்க்கிற மனசு இல்லை. வேலியோரம் போய், அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். பின்னால் தொப்பென்று ஒரு சத்தம் வருகிறதா என்று காது மட்டும் விழித்திருந்தது.

சத்தம் வரவில்லை. உச்சிவேளையில் பயந்து பயந்து திரும்பினார். கிழவி கண்ணை மூடிக்கொண்டு சுகமாக அசைபோட்டுக்கொண்டிருந்தாள்.

"அசைபோடறா மாமா!" என்று கத்திக்கொண்டே ஓடினார். செருப்புக்கடையில் ஒரே நாளில் நூறு ஜோடி விற்றபோதுகூட அவர் இப்படி ஓடியதில்லை.

அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாளும் அப்படியே. கிழவிக்குக் கொஞ்சம் சதைகூடப் போட்டமாதிரி இருந்தது.

மாப்பிள்ளைக்குத்தான் உடம்பு சரியில்லை. முதுகு பிடித்துக்கொண்டது. படுத்தால் தரை இடித்தது.

"ஏண்டி, நான் கனத்துட்டேனா? மெத்தை நாளுக்கு நாள் அமுங்குது."

"உக்காந்து உக்காந்து சாப்பிட்டா அமுங்காம என்ன பண்ணும்?" என்றாள் மனைவி. அவருக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

நான்காம் நாள் விடியலில் மாமியார் மாமனாரின் மாத்திரை வாங்க முதல் பஸ்ஸில் டவுனுக்குப் போய்விட்டார். மாமனார் ஜன்னலிலிருந்து கையசைத்தார். மாப்பிள்ளை வேலிப்படலைத் திறந்தார். ஐந்து மாடும் அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தன. அன்று மாப்பிள்ளை முதுகைக் காட்டவில்லை. பசித்த மாடு தின்பதைக் கண்குளிரப் பார்த்தபடி நின்றார். தான் கெடுத்த நிலமே வீட்டைக் காப்பாற்றப் போகிறது என்று நினைத்தபோது கண்கூடக் கலங்கியது.

செவலைதான் முதலில் தலையைத் தூக்கியது. வாயைத் திறந்து மூச்சுக்கு அலைந்தது. முன்னங்கால் மடிந்தது. மாப்பிள்ளை ஓடிப்போய்க் கழுத்தைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். தூக்கிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் இன்னொன்று சாய்ந்தது.

"வெளியே ஓட்டுய்யா! வெளியே ஓட்டு!" ஜன்னலிலிருந்து வந்தது மாமனார் குரல்தானா என்று தெரியவில்லை. கட்டுப்போட்ட காலோடு அவர் கட்டிலிலிருந்து விழுந்த சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது.

மனைவி டாக்டரைக் கூட்டிவருவதற்குள் இரண்டு போய்விட்டன. மற்ற மூன்றுக்கும் நரம்பில் மருந்து ஏற்றினார். அவை பிழைத்து, யாரையும் நம்பாத கண்ணோடு வேலியோரம் நின்றன. தொழுவத்து வாசலில் கிழவி அசைபோட்டுக்கொண்டிருந்தாள்.

"இதையா மூணு நாள் மேயவிட்டீங்க?" டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதே புல்லு. இது எப்படி நிக்குது?"

"நீங்கதான் சார் சொல்லணும்."

"எனக்கே புரியல."

மாமனாரைத் திரும்பக் கட்டிலில் ஏற்றியிருந்தார்கள். முகத்தைச் சுவர் பக்கம் வைத்துக்கொண்டே கேட்டார்.

"கிழவியை எங்க கட்டினீங்க?"

"இதே நிலத்துலதான் மாமா. நட்ட நடுவுல."

"மேஞ்சதைப் பார்த்தீங்களா?"

"அசைபோட்டதைப் பார்த்தேன் மாமா."

மாமனார் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். மாப்பிள்ளை மனைவியிடம் கேட்டார்: "நான் என்னடி தப்பு பண்ணேன்?" அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மதிய பஸ்ஸில் மாமியார் வந்து இறங்கினார். நிலத்தில் கிடந்த இரண்டையும் பார்த்தார். மாத்திரைப் பொட்டலம் கையில் கசங்க, நேராகத் தொழுவத்துக்குப் போய்க் கிழவியின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். மாப்பிள்ளை பின்னாலேயே போய் நின்றார். செருப்புக்கூடப் போடாமல்.

"அத்தை, இந்த வீட்ல யாரும் எனக்கு ஒரு பதில் சொல்ல மாட்டேங்கறாங்க. நீங்களாவது சொல்லுங்க. சொம்புகிட்ட வேணாம், என்கிட்ட சொல்லுங்க. மூணு நாள் தின்ன இவளுக்கு ஒண்ணும் ஆகல. ஒரு வேளை தின்னதுங்க போயிடுச்சு. நான் எங்க தப்பு பண்ணேன்?"

மாமியாரின் கண் பழக்கத்தில் ஒரு பாத்திரத்தைத் தேடியது. தொழுவத்தில் எதுவும் இல்லை. கடைசியில் அவரையே நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க ஒரு தப்பும் பண்ணல மாப்பிள்ளை. இவ அந்தப் புல்லுல ஒரு வாய்கூட வைக்கல. மூணு நாளும் விடியக்காலையில நீங்க எழுந்து போனதும் உங்க மெத்தையைப் பிரிச்சு, வயிறு முட்டப் போட்டுத்தான் உங்ககூட அனுப்பினேன்."