ஃபயர்வாலுக்குப் பரிவட்டம்

"எம் மிஷினு ஏம்மா நாலாவது கெடக்கு?"

மேனேஜர் முத்துக்கருப்பன், நோட்டீஸ் போர்டிலிருந்து பிய்த்த தாளை கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஜோதிலட்சுமியின் மேஜைமேல் வைத்தார். வைத்தார் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது.

கம்பத்தில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் அந்தக் கம்பெனியில் ஐந்து கம்ப்யூட்டர்கள். அவற்றுக்கும் இன்டர்நெட்டுக்கும் நடுவே காவலாக ஒரு பெட்டி, அதுதான் ஃபயர்வால். யாருடைய மிஷினை வெளியே விடலாம் என்று வரிக்கு ஒருவராக அதில் எழுதியிருக்கும். ஐந்து பேருக்கு ஐந்து வரி. ஆறாவது வரி: மற்ற எல்லாருக்கும் தடை. 'ஆளுகளுக்கு ஒரு பயம் இருக்கட்டும்' என்று அதை அச்செடுத்து ஒட்டச் சொன்னவர் முதலாளி வைகுண்டராஜ். பயம் வரவில்லை. ரோஷம் வந்தது.

"நாலாவதுன்னா கொறச்சல் இல்ல சார். பெட்டி மேலருந்து கீழ படிச்சுட்டே வரும். ஒங்க வரி எங்கன இருந்தாலும் நெட்டு ஒண்ணுதான்."

"ஒண்ணுதான?"

"ஒண்ணுதான்."

"அப்ப என்னய ரெண்டாவது போடுறதுல ஒனக்கென்ன நோவுது?"

எம்.சி.ஏ.வில் இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை. ஜோதிக்குச் சொந்தமாக ஒரு பதில் இருந்தது. ஆனால் ஆறு மாதத் தற்காலிக வேலை அடுத்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. நிரந்தர ஆர்டர் கைக்கு வராவிட்டால், கூடலூரில் ஜீப் ஓட்டும் அத்தை மகன் சுரேஷ்கண்ணனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். குடும்பத்திலேயே முதல் பட்டதாரி என்பதால் இந்த ஆறு மாதத்தைப் பெரிய மனசு பண்ணிக் கொடுத்திருந்தார்கள். பதிலை விழுங்கிக்கொண்டு தாளைத் திருத்தினாள்.

முத்துக்கருப்பன் இரண்டாவதானார். மூன்றாவதாக இறங்கியவர் பாண்டீஸ்வரன். அவர் முதலாளியின் மச்சினன். கம்பெனியில் அவருக்கு வேலையும் அதுதான்.

"கோயில்ல எனக்குப் பரிவட்டம் கட்டுன பெறகுதான் அந்த முத்துக்கருப்பன் துன்னூறே வாங்குவான். இங்கன அவனுக்குப் பின்னாடி நானா? மூணாவதுக்கு எறக்குனதுலருந்து நெட்டு முக்குது."

"தாள்லதான் சார் மாத்தியிருக்கு. பெட்டியில இன்னும் மாத்தவேயில்ல."

"இப்பவே இப்பிடின்னா, மாத்துனா என்ன முக்கு முக்கும்?"

அடுத்து வயதுக்கு மரியாதை கேட்டுக் கணக்கர் கோட்டைச்சாமி வந்தார். ஜோதிக்குக் கோபம் தலைக்கேறியது. எவனும் வாய் திறக்க முடியாதபடி அகரவரிசையில் போட்டு ஒட்டினாள். பில் அடிக்கும் கிருபாவதி முதல் இடத்துக்கு வந்தாள். வைகுண்டராஜ் கடைசிக்குப் போனார். அரை மணி நேரத்தில் கூப்பிட்டு விட்டார்.

"ஏம்மா, எல்லாரும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரியிறாக. வெள்ளிக்கெழமைக்குள்ள இது தீரணும். இல்லேன்னா ஒன் ஆர்டர்ல கையெழுத்துப் போட எம் பேனாவுல மை இருக்காது."

பெரியாற்றுத் தண்ணீரையே முறை வைத்துப் பாய்ச்சுகிற ஊர். நெட்டையும் முறை வைத்தால் என்ன? பழைய பெரியதனப்படியே முதலாளி, மேனேஜர், மச்சினன், கணக்கர், கிருபாவதி என்று வரிசையை வைத்து, ஜோதி ஒரு புரோகிராம் எழுதினாள். தினமும் காலை ஆறு மணிக்கு அது முதல் வரியைத் தூக்கிக் கடைசியில் போடும். மற்ற வரிகள் ஒரு படி ஏறும். புது வரிசையைப் பெட்டியில் ஏற்றி, தாளிலும் அச்சடித்துத் தள்ளும். பெருக்க வரும் சுப்புத்தாய் அதை எடுத்து ஒட்டிவிடுவாள். மனுசக் கை படாத நீதி.

திங்கட்கிழமை முத்துக்கருப்பன் முதல். கடைசிக்குப் போன வைகுண்டராஜ், "பெரிய மனுசன்னா விட்டுக்குடுக்கணும்" என்று தன்னைத் தானே பாராட்டிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை பாண்டீஸ்வரன் தன் பெயருக்குப் பக்கத்தில் நின்று செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டார். புதன்கிழமை கோட்டைச்சாமி சலவை வேட்டியில் வந்தார். வியாழக்கிழமை கிருபாவதி எல்லாருக்கும் கேசரி கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை யாரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரியவில்லை. இன்றைக்கு யார் முறை என்று ஜோதி அந்த வாரத்தில் முதன்முறையாகப் போய்த் தாளைப் படித்தாள்.

முதல் வரி: எல்லாருக்கும் தடை.

புரோகிராம் பாரபட்சம் பார்க்காமல் ஆறு வரியையும் சுழற்றியிருந்தது. தடை வரியோடு பெட்டி படிப்பதை நிறுத்திவிடும். அதற்குக் கீழே போனவனுக்கு நெட் கிடையாது. ஆக, திங்கட்கிழமையே முதலாளிக்குப் போய்விட்டது. அப்புறம் நாளுக்கு ஒரு ஆள். இன்றைக்கு மொத்த ஆபீஸும் காலி. அவள் அந்தப் பெட்டியிலேயே திரையை மாட்டி வேலை பார்த்ததால் அவளுக்கு நெட் நிற்கவில்லை, விஷயமும் உறைக்கவில்லை.

காதுக்குள் கூடலூர் ஜீப் ஹாரன் அடித்தது. அவர்களாகக் கண்டுபிடிப்பதற்குள் நாமே சொல்லிவிடுவோம் என்று முதலாளி அறைக்குள் நுழைந்தாள்.

"மொதலாளி, நெட்டு விஷயமா ஒண்ணு சொல்லணும்."

"நானே கூப்பிடணும்னு இருந்தேன். நெட்டு பறக்குதேம்மா."

"ஒங்க மிஷின்லயா?"

"திங்கக்கெழமையிலருந்து. மாப்ள, நீ சொல்லு."

"நேத்தும் இன்னைக்கும் சும்மா கும்முன்னு இருக்கு மச்சான்," என்றார் எதிரே உட்கார்ந்திருந்த பாண்டீஸ்வரன்.

உண்மை ஜோதியின் தொண்டை வரைக்கும் வந்தது. ஆர்டர் அவள் கை வரைக்கும் வந்தது. ஆர்டர் முந்திக்கொண்டது.

வெளியே வந்தவளை விளக்குமாறும் கையுமாகச் சுப்புத்தாய் மறித்தாள்.

"ஏத்தா ஜோதி, திங்கக்கெழம மொதலாளி மிஷினு படுத்துருச்சேன்னு மேனேஜரு மிஷினுக்கு மாறுனேன், அதுவும் போயி மச்சினன் மிஷினு, கணக்கரய்யா மிஷினுன்னு ஒண்ணொண்ணா எடம் மாறிக்கிட்டே வாரேன், இன்னைக்குக் கிருபாவதியோடதும் போச்சு, சிங்கப்பூர்ல இருக்குற எம் மககிட்ட இனிமே எங்கனதான் ஒக்காந்து பேச?"