ஹாரனில் குடும்பம் நடத்தியவர்

தன் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்பதை ஒரு துறைமுகத்துக்கே தினமும் தவறாமல் அறிவித்த மனிதர், எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒருவர்தான். அவர் பாம்-பாம் சாரங். அவருக்கு வேறு பெயர் இருந்திருக்கத்தான் வேண்டும். ஞானஸ்நானம் கொடுத்த சாமியார் ஏதாவது ஒன்றை வைத்துத்தான் அனுப்பியிருப்பார். நான் கேட்டதில்லை. அவர் மனைவியே கோபம் வந்தால் "இந்தப் பாம்-பாம் இருக்காகளே..." என்றுதான் ஆரம்பிப்பார்.

சாத்தத்துக்கும் பம்பூஃப்ளாட்டுக்கும் நடுவே ஓடிய மோட்டார் படகுக்கு அவர் சாரங். படகை ஓட்டுகிற தலைவருக்கு அந்தமானில் அதுதான் பெயர். சுக்கானும் அவர் கையில், ஹாரனும் அவர் கையில். சுக்கானை ஏதோ வேண்டாத விருந்தாளி மாதிரி ஒரு கையால் பிடித்திருப்பார். ஹாரன் கயிற்றைத்தான் மரியாதையாகப் பிடிப்பார்.

அறுபதுகளின் நடுவில் நான் மெயின்லேண்டிலிருந்து கப்பலேறிப் போய் சாத்தம் மர ஆலையில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். வாடகை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக எதிர்க்கரையில், பம்பூஃப்ளாட்டில், அறை எடுத்தேன். காலையில் வேலைக்கு, மத்தியானம் சாப்பாட்டுக்கு, மறுபடி வேலைக்கு, சாயங்காலம் அறைக்கு என்று என் வாழ்க்கையில் பாதி அந்தப் படகிலேயே கழிந்தது.

முதல் நாள் பாதிக் கடலில் ஹாரன் அலறியது. "பாம், பாம்!" எதிரே கப்பலும் இல்லை, தோணியும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜவுளிக்கடை ராவுத்தரிடம், "எதுக்கு அடிக்கிறார்?" என்று கேட்டேன்.

"மீன் வாங்கிட்டாராம். மசாலா அரைக்கச் சொல்றாரு."

"யாரை?"

"பொஞ்சாதியத்தான். வேற யாரை, உங்களையா?"

ராவுத்தர் விளையாடவில்லை. படகுத்துறைக்கு மேலே மேட்டில் சாரங்கின் வீடு. ஒரே ஒரு நீள ஹாரன் என்றால் உலை வை. ஒரு நீளம், ஒரு குட்டை என்றால் ஆள் கூட வருகிறார், அரிசியைக் கூடப் போடு. இப்படி ஒரு பாஷையையே அவர் உண்டாக்கி வைத்திருந்தார். பம்பூஃப்ளாட்டில் பாதிப் பெண்கள் அந்த ஹாரனை வைத்துத்தான் தங்கள் வீட்டு உலையையும் வைத்தார்கள். அவர் ஒருநாள் லீவு போட்டால் தமிழ், பெங்காலி, தெலுங்கு என்று எல்லா வீட்டிலும் சோறு நேரம் தப்பிவிடும்.

அவருடைய மனைவி மேரி அக்காவிடம் ஹாரன் இல்லை. ஆனால் துணிக்கொடி இருந்தது. வாலிபத்தில் பெரிய கப்பலில் வேலை பார்த்த சாரங், கப்பல்காரர்கள் கொடியை ஏற்றிப் பேசிக்கொள்வதைப் பார்த்திருக்கிறார். கல்யாணமான கையோடு அந்த வித்தையை அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார். பச்சைச் சேலை தொங்கினால் மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது. சிவப்புச் சேலை என்றால் பிள்ளைக்குக் காய்ச்சல். சாரங்கின் காக்கி டவுசர் தலைகீழாகத் தொங்கினால், நேரே வீட்டுக்கு வாருங்கள், உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

படகு கரையை நெருங்கும்போது நாங்கள் எல்லோரும் முதலில் பார்ப்பது அந்தக் கொடியைத்தான்.

"அண்ணே, டவுசர் தலைகீழா தொங்குது. இன்னிக்கு உங்களுக்கு இருக்கு!"

"தெரியுது, தெரியுது" என்று சாரங் வேகத்தைக் குறைத்துவிடுவார். அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் தாமதம்.

ஒருமுறை அக்கா மாதா கோயில் திருவிழாவுக்காகச் சிவப்புச் சேலையை வெறுமே துவைத்துக் காயப்போட்டுவிட்டார். சாரங்குக்கு உயிரே போய்விட்டது. படகு துறையில் முட்டியதும் முட்டாததுமாக, பயணிகளில் ஒருவராக உட்கார்ந்திருந்த பெங்காலி கம்பவுண்டர் தாதாவை, குடையும் பையுமாக அப்படியே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறினார். "அரே பாபா, சோடோ! என்னை விடு!" என்று தாதா கத்தக் கத்த, நாங்களும் பின்னாலேயே ஓடினோம். அங்கே காய்ச்சல்காரப் பிள்ளை கொய்யா மரத்து உச்சியில் உட்கார்ந்து காய் கடித்துக்கொண்டிருந்தாள்.

அவள்தான் பிலோமி. மூன்றாம் வகுப்பு. முன்பல் இரண்டும் விழுந்திருந்த காலம். ஒரே மகள்.

உண்மையைச் சொன்னால் ஹாரனில் பாதி அவளுக்காகத்தான் அலறியது. காலையில் ஒரு நீளம் அடித்து, உடனே நாலு குட்டை அடித்தால், மரத்திலிருந்து இறங்கிப் பள்ளிக்கூடம் போ. சாயங்காலம் விட்டுவிட்டு அடித்தால், வாய்ப்பாடு சொல். இதையெல்லாம்விட முக்கியமானது மத்தியான ஹாரன். பள்ளிக்கூடம் கடற்கரையை ஒட்டி, படகுத்துறைக்குச் சற்று முன்னால் இருந்தது. எங்கள் மத்தியானப் படகு அதைக் கடக்கும்போது, "பாம், பாம், பாஆஆம்!"

அர்த்தம்: சாப்பிட்டியா?

பிலோமி வராந்தாவுக்கு ஓடி வந்து, டிபன் டப்பாவைத் தலைக்கு மேலே தூக்கிக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். காலி டப்பா என்றால் ஒன்றும் விழாது. படகில் எல்லோரும் ஒரு பக்கமாக எழுந்து நின்று பார்ப்போம், படகே சாயும்.

"கவுத்துட்டா, கவுத்துட்டா!"

"இல்லையே, ஏதோ விழுந்துச்சே?"

"கத்தரிக்கா. அத எந்தப் புள்ள திங்கும்?"

இவ்வளவு பேசுகிற மனிதர் வீட்டில் எப்படி இருப்பார் என்று நினைக்கிறீர்கள்? ஊமை. கரையில் கால் வைத்தால் அவருக்கு வாய் மூடிக்கொள்ளும். நான் ஒருநாள் அவர் வீட்டில் சாப்பிட்டேன். மீனை என் பக்கம் தள்ளினார், ரசத்தை என் பக்கம் தள்ளினார், கடைசியில் வாசல்வரை வந்து தலையை ஆட்டினார். அவ்வளவுதான். பிலோமி பக்கத்தில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் கொட்டினாள். அவர் தட்டைப் பார்த்தே சிரித்துக்கொண்டிருந்தார்.

இந்த ராஜ்யம் கவிழ்ந்தது பள்ளிக்கூட மணியால்தான். பெரிய டீச்சர் பிலோமியின் சமர்த்தை மெச்சி, மணி அடிக்கிற வேலையை அவளுக்குக் கொடுத்தார். பாதாம் மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதை இரும்புக் கம்பியால் அடிக்க வேண்டும். முதல் நாள் மத்தியானம் படகு வந்தது. அப்பா கேட்டார். கையில் அப்பாவுடையதைவிடப் பெரிய சத்தத்தை வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளை டப்பாவைக் கவிழ்த்துக் காட்டும்? 'சாப்பிட்டேன், நல்லா சாப்பிட்டேன், கத்தரிக்காய்கூடச் சாப்பிட்டேன்' என்று நெஞ்சு நிறைய அடித்தாள். நிறுத்தாமல் அடித்தாள்.

நிறுத்தாமல் மணி அடித்தால் பள்ளிக்கூடம் விட்டாயிற்று என்று அர்த்தம்.

"சுட்டி! சுட்டி!" என்று, லீவு விட்டாயிற்று என்பதை இந்தியில் கத்திக்கொண்டு பள்ளிக்கூடம் முழுவதும் வெளியே கொட்டியது. சில பயல்கள் அக்கரைக்குப் போய் வரலாம் என்று எங்கள் படகிலேயே தாவினார்கள். அந்த நேரம் பார்த்து, பள்ளிக்கூடத்தைப் பார்வையிடப் போர்ட் பிளேரிலிருந்து வந்த பெரிய அதிகாரி ஒருவர் அதே படகிலிருந்து இறங்கினார். பையன்கள் வெள்ளத்தை எதிர்த்து நீந்தி அவர் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது, அங்கே பெரிய டீச்சரும், இன்னும் மணி அடித்துக்கொண்டிருந்த பிலோமியும் மட்டும்தான் இருந்தார்கள்.

விசாரணை வேகமாக நடந்தது. பிலோமியிடமிருந்து மணி பறிக்கப்பட்டது. சாரங்குக்குப் படகு ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது: துறையை விட்டுக் கிளம்பும்போதும் ஆபத்திலும் தவிர ஹாரன் அடிக்கக் கூடாது. இன்னொரு தடவை அடித்தால் திக்லிபூர் கப்பலுக்கு மாற்றல். திக்லிபூர் என்றால் வடகோடி. அந்தக் கப்பலில் போனவன் வீட்டுக்கு எப்போது வருவான் என்பது கப்பலுக்கும் தெரியாது, கடலுக்கும் தெரியாது.

மறுநாள் மத்தியானம் படகு பள்ளிக்கூடத்தை நெருங்கியது. பிலோமி முன்கூட்டியே வராந்தாவில் டப்பாவுடன் நின்றாள். சாரங்கின் கை கயிற்றுக்குப் போயிற்று. அங்கேயே நின்றது. பிறகு மெல்ல இறங்கி வந்துவிட்டது. நாங்கள் கடந்து போன பிறகும் அவள் டப்பாவைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றாள். அடுத்த நாள் அவள் வராந்தாவுக்கே வரவில்லை.

தண்ணீர்க் குழாயடியில் மேரி அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, புள்ள டப்பாவத் தொறக்காமலே கொண்டாருது. ராத்திரியும் கொறிச்சிட்டு எந்திரிச்சிருது. மணி அடிச்சதுக்கு அப்பா எம்மேல கோவமா இருக்காக, எங்கிட்டப் பேச மாட்டேங்காகன்னு ஒரே அழுகை."

"அவர்தான் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லலாமே அக்கா?"

"எவுக? இவுகளா? புள்ள மூஞ்சியப் பாத்தா இவுகளுக்குத் தொண்டை அடச்சுக்கிடுது தம்பி. அவகிட்ட ஆசையா ஒரு வார்த்தை சொல்லணும்னா, கடலுக்குப் போயி ஹாரன்லதான் சொல்லுவாக. இப்ப அதுக்கும் வழியில்ல."

அன்று மத்தியானப் படகில் நான் இதை ராவுத்தர் காதில் போட்டேன். ராவுத்தர் காதில் போடுவதும் தண்டோரா போடுவதும் ஒன்று. அடுத்த நிமிஷம் படகு முழுவதுக்கும் தெரிந்துவிட்டது, சுக்கான் பிடித்தவரைத் தவிர. பள்ளிக்கூடம் நெருங்கியது. வராந்தா காலி. ராவுத்தர் கைலியை இறுக்கிக்கொண்டு எழுந்தார்.

"ஹாரன் அடிக்கக் கூடாதுன்னுதானே ஆர்டர்? எனக்கு எவனும் ஆர்டர் போடலையே!"

கடைத்தெருவில் நின்று கூவி விற்றுப் பழகிய தொண்டை அது. "பிலோமீ! சாப்ட்டியாம்மா? அப்பா கேக்குறாரு!"

கம்பவுண்டர் தாதா குடையை ஆட்டிக்கொண்டு எழுந்து பெங்காலியில் கேட்டார். பின்னாலிருந்த மீன்காரப் பெண்கள் தெலுங்கில் கேட்டார்கள். ஒரு மலையாளத்து ஆசாரி பெஞ்சில் ஏறி நின்று கேட்டார். "கானா காயா, பேட்டி?" என்று யாரென்றே தெரியாத ஒரு மீசைக்காரர் இந்தியில் முழங்கினார். நான் நாலு பேர் நடுவில் இருமக்கூடக் கூச்சப்படுகிறவன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியாமல், "பிலோமி, சாப்பிட்டியா?" என்று நானும் அலறிக்கொண்டிருந்தேன்.

பிலோமி வந்தாள். கையில் மூடிய டப்பா. எங்களைப் பார்த்தாள், சுக்கான் பக்கம் பார்த்தாள். தலையை இல்லை என்று ஆட்டினாள். பிறகு அங்கேயே படியில் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

சாரங் இஞ்சினை அணைத்துவிட்டார். அத்தனை பேரும் பசியோடு வீட்டுக்குப் போக வேண்டியவர்கள். ஒரு சிறுமி கடைசிப் பருக்கைவரை தின்று முடிப்பதைப் பார்த்துக்கொண்டு நடுத்தண்ணீரில் நின்றோம். அவள் எழுந்து டப்பாவைக் கவிழ்த்தாள். ஒன்றும் விழவில்லை. படகில் எழுந்த ஆரவாரத்தில் சாரங் சுக்கானை மறந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். படகு தன்பாட்டுக்கு மிதந்து போய்ச் சேற்றில் சொருகிக்கொண்டது. ராவுத்தர் தலைமையில் இறங்கித் தள்ளினோம்.

விஷயம் ஆபீசுக்குப் போகாமல் இருக்குமா? "ஹாரன் அடித்தாரா?" என்று கேட்டார்கள். இல்லை என்று படகே சாட்சி சொல்லிற்று. "அப்படியானால் கத்தியது யார்?" பயணிகள். பயணிகளைத் திக்லிபூருக்கு மாற்ற எந்த அதிகாரிக்கும் அதிகாரம் கிடையாது. நாங்கள் தினமும் கேட்டோம், அவள் தினமும் கவிழ்த்தாள். சாரங் அதே படகில்தான் இருந்தார்.

ஆனால் நாங்கள் முதன்முதலாகக் கத்திய அன்று சாயங்காலம் நடந்ததைத்தான் நான் சொல்ல வந்தேன். கடைசிப் படகு துறைக்கு வந்தபோது பிலோமி அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். சாரங் கயிற்றைக் கட்டிவிட்டுக் கரையில் காலை வைத்தார். வழக்கம்போல வாய் மூடிக்கொண்டது. அவள் நேரே வந்து நின்றாள்.

"அப்பா, எம்மேல கோவமா?"

சாரங் எங்களைப் பார்த்தார், படகைப் பார்த்தார், திரும்பி ஹாரனைப் பார்த்தார். உதவிக்கு யாரும் வரவில்லை. தொண்டையைச் செருமினார். பிறகு மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"கோவமா? ஏட்டி, நீ சாப்பிட்டியான்னு தெரியாம எனக்குச் சோறு எறங்கலட்டி."

மேரி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எங்களில் ஒருவருக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம் இல்லை. ஆளில்லாத அறைக்குத்தான் நான் திரும்ப வேண்டும்; இருந்தாலும் அன்றைக்கு என்னையும் யாரோ சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்ட மாதிரி வயிறு குளிர்ந்துதான் மேட்டில் ஏறினேன்.