சுத்துப்பாதையாரின் லாரி

புதுக்கோட்டை சமஸ்தானத்தில் சுத்துப்பாதையார் மாதிரி ஒரு சூப்பர்வைசர் அதற்கு முன்னும் பிறந்ததில்லை, இனிப் பிறக்கவும் போவதில்லை. பிறந்தால் ஊர் தாங்காது. சொந்தப் பெயர் என்னவோ, சத்தியமாக எனக்குத் தெரியாது. ஒரு அரிசி மண்டியில் அவர் சூப்பர்வைசர், நான் லாரி டிரைவர். யுத்த காலம். பெட்ரோல் கண்ணில் படாது. லாரியின் முதுகில் ஒரு டிரம்மை மாட்டி, அதில் அடுப்புக்கரியை எரித்து, அந்தப் புகையில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தோம்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே குடைக் கம்பால் கியரைத் தட்டிக் காட்டினார். "சவரி, முன்னால போற கியரெல்லாம் ஒன்னோடது. ரிவர்ஸ் பக்கம் கை போச்சு, அன்னைக்கே சீட்டக் கிழிச்சுப்புடுவேன்."

ஏன் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம். ரிவர்ஸ் போட்டால் கரி இரண்டு பங்கு செலவாகும் என்று முதலாளியிடம் சொன்னார். அரிசி ஏற்றிய வண்டி பின்னால் போனால் லட்சுமி இறங்கிவிடுவாள் என்று மூட்டை தூக்குகிறவர்களிடம் சொன்னார். நான் வேதக்காரன், கிறிஸ்தவன், என்பதால் லட்சுமியை விட்டுவிட்டு, புகை திரும்பி என் மூஞ்சியில் அடிக்கும் என்றார். அத்தனையும் நம்பினோம்.

நான் நம்பித்தான் ஆக வேண்டும். ஆவூரில் ஒரு வாத்தியார் தன் மகளை எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். லாரி வேலை நிலைத்தால், ஈஸ்டரையொட்டி வரும் பாஸ்கு திருவிழா முடிந்ததும் கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவித்துவிடலாம் என்பது பேச்சு. வேலை போனால் ஓலையும் போச்சு. ரிவர்ஸ் கியர் இருக்கும் திசைப் பக்கமே நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கீழராஜ வீதியில் ஒரு மளிகைக் கடை. அதை நாலு அடி தாண்டி நிறுத்திவிட்டேன் என்று வையுங்கள். வேறு யாராக இருந்தாலும் நாலு அடி பின்னால் எடுப்பார்கள். நாங்கள் நாலு வீதியும் சுற்றிக்கொண்டு திரும்பி வருவோம். வருகிற வேகத்தில் இன்னொரு தடவை தாண்டிவிட்டால் இன்னொரு சுற்று. தேர்கூட வருஷத்துக்கு ஒரு முறைதான் சுற்றும். நாங்கள் ஒரே காலையில் மூன்று சுற்று சுற்றியிருக்கிறோம், பின்னால் கரிப்புகை வேறு. கடைக்காரர் முதல் சுற்றில் திட்டினார், இரண்டாவதில் சிரித்தார், மூன்றாவதில் வீதி நடுவில் வந்து கையை விரித்து நின்றுவிட்டார். சுத்துப்பாதையார் என்ற பட்டம் அவர் சூட்டியதுதான்.

முட்டுச்சந்துக்குள் போய்விட்டால் இன்னும் கூத்து. ஒருமுறை சந்து ஒரு தென்னந்தோப்பு வேலியில் போய் முடிந்தது. நம்மவர் இறங்கி, தோட்டக்காரரிடம் பத்து நிமிஷம் குழைந்து, வேலியைப் பிரிக்கச் சொல்லி, தோப்புக்குள்ளேயே லாரியை நடத்தி அந்தப் பக்கம் கொண்டுபோனார். லாரி நிற்கும் ஷெட்டுக்கும் பின்சுவரை இடித்து இன்னொரு கதவு வைத்திருந்தார். எதுக்கய்யா என்று முதலாளி கேட்டதற்கு, காத்தோட்டம் என்றாராம்.

பாஸ்கு வந்தது. திருவிழாச் சாப்பாட்டுக்கு அரிசி ஏற்றிக்கொண்டு ஆவூர் புறப்பட்டோம். சுத்துப்பாதையார் என் பக்கத்தில், மூட்டை தூக்குகிற நாலு பேரும் பின்னால் மூட்டை மேல். கண்மாய்க் கரை மேல் ஏறி இருபது கஜம்கூடப் போயிருக்க மாட்டோம், எதிரே ஆறு மாட்டுவண்டிகள் வரிசையாக வந்து நின்றன. ஒதுங்க இடமில்லை. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் பள்ளம். பாஸ்குக் கொட்டகைக்குக் கீற்று ஏற்றப் போகிற வண்டிகள். முதல் வண்டியில் யார்? என் வருங்கால மாமனார், வாத்தியார்.

"தம்பி, மாடு பின்னால நடக்காதுல்ல. நீங்க கொஞ்சம் பின்னாடி எடுங்க" என்றார், வெகு மரியாதையாக.

எடுத்தால் வேலை போகும், எடுக்காவிட்டால் மாமனார் போவார். பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது. வேலை போனால் போகட்டும் என்று ரிவர்ஸில் தள்ளிவிட்டேன். சுத்துப்பாதையார் என் மணிக்கட்டைப் பிடிப்பதற்குள் கியர் விழுந்துவிட்டது. கரகரவென்று ஒரு சத்தம். வண்டி அசையவில்லை. மறுபடி போட்டேன். மறுபடியும் சத்தம்தான்.

அவர் குனிந்து என் காதோடு சொன்னார். "அது ஒடைஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு, சவரி. முந்துன டிரைவர் கையில போச்சு, அவன் பட்டாளத்துக்குப் போயிட்டான். சாமான் சீமையிலருந்து வரணும், சண்டையில கப்பல் ஏது? மொதலாளிக்குத் தெரிஞ்சா லாரிய வித்துட்டு மாட்டுவண்டி பிடிச்சுருவாரு. ஒன்னையும் மூட்டக்காரப் பயலுக நாலு பேரையும் வீட்டுக்கு அனுப்பிருவாரு. அதான் சட்டம் போட்டேன்."

சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு இறங்கி நேரே வாத்தியாரிடம் போனார்.

"ரிவர்ஸ் போடக் கூடாதுன்னு நான் உத்தரவு போட்ருக்கேங்க. மேலாள் சொன்னா சொன்னதுதான், தலையே போனாலும் மீற மாட்டாரு ஒங்க மாப்பிள்ளை. இப்புடி ஒரு ஆளு எங்கிட்டு தேடுனாலும் கெடைக்காது."

அந்த உத்தரவை மீறி இன்னும் இரண்டு நிமிஷம் ஆகவில்லை. என் கை கியரிலேயே இருந்தது. வாத்தியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக லாரியில் கை வைத்தார். வண்டிக்காரர்களும் எங்கள் ஆட்களும் சேர்ந்து தள்ள, லாரி கரைச் சரிவில் தானாகப் பின்னால் இறங்கியது. ஈஸ்டர் ஞாயிறு கழித்து அடுத்த ஞாயிறே முதல் ஓலை வாசித்தார்கள்.

சண்டை முடிந்து சாமான் வந்தது. முதலாளி கண்ணில் படாமல் சுத்துப்பாதையாரே மாட்டச் செய்து, உத்தரவையும் வாபஸ் வாங்கினார். அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. நான் சொல் மீறாதவன் என்று என் மனைவி இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறாள், நானும் திருத்தவில்லை. என் வண்டியில் ரிவர்ஸ் நன்றாகவே விழும், ஆனாலும் கீழராஜ வீதியில் கடை தாண்டிவிட்டால் நான் நாலு வீதியும் சுற்றித்தான் வருகிறேன்.