மேற்படி நபரின் மடியில் பதினான்கு பைகள்

கலஹா,
வியாழக்கிழமை.

பெருமதிப்புக்கும் அதைவிடப் பெரிய பயத்துக்கும் உரிய மூத்த மச்சான் மூக்கையா அவர்களுக்கு,

தங்கள் தங்கை சந்திரிகாவின் புருஷன் ராஜரத்தினம், புசல்லாவைப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு எழுதிக்கொள்வது. கதிரேசன் புண்ணியத்தில் நானும் தங்கள் தங்கையும் மகள் சர்மிளாவும் சுகம். அங்கே தாங்களும் அக்காவும் தங்கள் வலது முழங்காலும் சுகமாக இருக்கவேண்டும். இதை டெலிபோனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் "மச்சான்" என்று தொடங்கினால் தாங்கள் "மொதல்ல நான் சொல்றதக் கேளு" என்று தொடங்குவீர்கள், பிறகு லைன் கட்டாகும். கடிதத்தில் அந்த வசதி தங்களுக்கு இல்லை. முப்பத்தொரு வருஷம் தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கராக இருந்து துரைமாருக்கே கடிதம் எழுதிய கை இது. தயவுசெய்து கடைசிவரை வாசிக்கவும்.

விஷயம், போன மாதம் தாங்கள் போட்ட உத்தரவு. "பஸ்ஸுல எவனோ தொல்ல குடுக்குறான்னா புள்ளய வேலைய விட்டு நிப்பாட்டு, தைக்குள்ள ஒருத்தன் கையில புடிச்சுக் குடு" என்றீர்கள். தாய்மாமன் வாக்கு, தட்டமுடியாது. ஆனால் மச்சான், கண்டியில் அந்த மூக்குக்கண்ணாடிக் கடையில் நாலு வருஷம் கால்கடுக்க நின்றவள் அவள். அடுத்த மாதம் கட்டுகஸ்தோட்டையில் திறக்கிற கிளைக்கு அவளைத்தான் பொறுப்பாகப் போடப்போகிறார்கள். அந்த நேரம் பார்த்து வீட்டில் உட்கார் என்றால் பிள்ளை என்ன செய்யும்? அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். இதில் முதல் குற்றவாளி நான்தான். தாராளமாக ஒப்புக்கொள்கிறேன், பின்னால் வரப்போகிற வெற்றியும் என்னுடையதுதானே.

நடந்தது இது. "அப்பா, ஏழு மணி பஸ்ஸுல ஒரு ஆளு தெனமும் என் பைய வாங்கி வச்சிக்கிறான், தொல்ல தாங்கல" என்று சர்மிளா முதலில் என்னிடம்தான் சொன்னாள். நான் சிரித்துவிட்டேன். நிற்கிறவர் பையை உட்கார்ந்திருக்கிறவர் மடியில் வாங்கி வைப்பது நம்ம பஸ்ஸில் நேற்று முளைத்த பழக்கமா? என் மடியில் ஊரார் பை எத்தனை ஏறி இறங்கியிருக்கும்! ஒரு தடவை ஒரு அம்மா கைப்பிள்ளையையே என்னிடம் தந்துவிட்டு டிக்கெட் எடுத்தது, நான் வேட்டி நனைந்து கண்டியில் இறங்கினேன், ஒரு வார்த்தை சொன்னேனா? இதைப் போய்த் தொல்லை என்றால் மனிசருக்கு மனிசர் சினேகமாக இருப்பதே குற்றமாகிவிடுமே என்று ஒரு சின்னப் பிரசங்கமும் செய்துவிட்டு, நேரில் பரிசோதிக்க மறுநாள் அதே பஸ்ஸில் ஏறினேன். மேற்படி நபருக்குப் பக்கத்திலேயே எனக்கு இடம் கிடைத்தது. பெயரை எழுதமாட்டேன், இது நல்ல காகிதம். நீல முழுக்கைச் சட்டை, சென்ட் வாசம், "ஐயா, ஐயா" என்று தேன் ஒழுகும் பேச்சு. சர்மிளா ஏறியதுதான் தாமதம், கை நீண்டது, பை மடிக்கு வந்துவிட்டது. ஆஹா, எப்பேர்ப்பட்ட வளர்ப்பு என்று நான் உருகிப்போய், அது என் மகள் என்று பெருமையோடு சொல்லி, கடை எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், எல்லாம் விலாவாரியாகச் சொல்லி, "பொம்பளப் புள்ள, ஒரு அவசரத்துக்கு ஒதவும்" என்று அவளுடைய டெலிபோன் நம்பரையும் எழுதிக்கொடுத்து, தங்கள் தங்கை எனக்குக் கட்டித் தந்த வடையில் இரண்டை அவனுக்குத் தந்துவிட்டு இறங்கினேன். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, இது வடையோடு வைத்த சூனியம்.

அன்று சாயங்காலம் கடை வாசலில் மேற்படி நபர் நிற்கிறான். ராத்திரிக்குள் நாற்பத்தொரு மெசேஜ். "சாப்பிட்டீங்களா", "ஏன் பதில் இல்ல", "ஒங்கப்பாவே நம்பர் தந்தாரு". சர்மிளா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. தங்கள் தங்கை பேசினாள், அதற்கு மூன்று நாள் பேசாமலே இருந்திருக்கலாம். நாலாம் நாள் பிள்ளை ஒரு கதிரையை இழுத்துப் போட்டு என் முன்னால் உட்கார்ந்தாள்.

"அப்பா, நீங்க யார் பையயாவது கேக்காம புடுங்கியிருக்கீங்களா?"

"இல்ல."

"உள்ள தெறந்து பாத்து, அடையாள அட்டையில பேர் படிச்சிருக்கீங்களா?"

"சீச்சீ."

"எறங்கப் போறேன், பைய தாங்கன்னு கேட்டா, 'அடுத்த ஹோல்ட்டுல எறங்கலாமே, என்ன அவசரம்'னு இறுக்கிப் புடிச்சிக்கிட்டு சிரிச்சிருக்கீங்களா? பைய எடுக்க அவங்க உங்க மேல குனியணும்னு வயித்தோட அணைச்சு வச்சிருக்கீங்களா?"

இதனால் அவள் இரண்டு தடவை ஹோல்ட் தாண்டி இறங்கியிருக்கிறாள், மூன்று நாள் வேலைக்குப் பிந்தியிருக்கிறாள். பையைக் கொடுக்காமல் தோளில் மாட்டிக்கொண்டு நின்ற நாளில், "படிச்ச திமிரு" என்று பஸ் முழுக்கக் கேட்கச் சொல்லி வாரைப் பிடித்து இழுத்திருக்கிறான். ஆறரை பஸ்ஸுக்கு மாறினால் அவனும் ஆறரைக்கு மாறினான். நானோ அவனுக்கு வடை கொடுத்திருக்கிறேன். மச்சான், அன்று எனக்கு வந்த வெட்கத்தை எழுத எந்த ஆபீஸ் பாஷையும் உதவாது. இந்த நேரத்தில்தான் தங்கள் தங்கை தங்களுக்கு டெலிபோன் எடுத்ததும், தாங்கள் உத்தரவு போட்டதும். தப்புச் செய்கிறவன் ஜம்மென்று சீட்டில் இருக்கிறான், என் பிள்ளை வீட்டில் உட்காரவேண்டுமாம்!

இனி வெற்றிக்கு வருகிறேன். திட்டம் என்னுடையது. அதாவது, ஏதாவது செய்யவேண்டும் என்று வீட்டில் முதலில் சொன்னவன் நான். போன திங்கட்கிழமை ஏழு மணி பஸ். நான் பின் சீட்டில், பொறுப்பாக. மேற்படி நபர் வழக்கம்போல ஜன்னலோரம். சர்மிளா ஏறினாள், கை நீண்டது, அவளும் பேசாமல் பையைக் கொடுத்தாள். உடனே அவளுக்குப் பின்னால் நின்ற, தினமும் அதே பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகிற மஸீனா டீச்சர், "தம்பி, ஒங்களுக்குப் பை புடிக்கிறதுன்னா நல்ல விருப்பம் போல" என்று நாற்பது பிள்ளைகளின் கணக்குக் கொப்பிக் கட்டை அவன் மடியில் இறக்கினார். அவருக்குப் பின்னால் ஒரு அக்கா வெங்காய வாசம் அடிக்கும் லீக்ஸ் மூட்டை. அதற்கு மேலே ஈரக் குடை மூன்று. ஹிந்தகலையில் ஏறியவர்கள் சும்மா இருப்பார்களா, செய்தி அங்கேயும் போயிருந்தது! சாப்பாட்டுப் பை, தையல் பை, ஒரு பாதிப் பலாப்பழம், கூடையில் ஒரு கோழி. யூனிவர்சிட்டி கம்பஸ் வாசலில் ஏறிய சிங்கள அம்மா ஒருவர் தயிர்ச் சட்டியை எல்லாவற்றுக்கும் மேலே, சரியாக அவன் நாடிக்குக் கீழே வைத்து, "ஹொந்தட்ட அல்லகன்ன மல்லி", நன்றாகப் பிடித்துக்கொள் தம்பி என்று கன்னத்தில் தட்டிவிட்டுப் போனார். பதினான்கு பை. நான் எண்ணினேன். சட்டை தெரியவில்லை, சென்ட் வாசமும் இல்லை, லீக்ஸ்தான் மணத்தது. அசைந்தால் தயிர் கொட்டும், அசையாவிட்டால் கோழி கொத்தும். அந்த நேரம் பின்னாலிருந்து எவனோ ஒரு புத்திகெட்டவன் எழும்பி, "ஐயோ பாவம், ரெண்டு பைய இங்கிட்டுத் தாங்க" என்றான். மஸீனா டீச்சர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அவன் உட்கார்ந்துவிட்டான்.

கெட்டம்பேயில் மேற்படி நபர் இறங்கவேண்டும். "எறங்கணும், எறங்கணும்" என்று பைகளுக்குள்ளேயிருந்து சத்தம் வருகிறது. பஸ்ஸில் இருந்த அத்தனை பொம்பளைகளும் ஒரே குரலில், "அடுத்த ஹோல்ட்டுல எறங்கலாமே தம்பி, என்ன அவசரம்!" கொண்டக்டர் இன்ஷாப், "ரைட், போங்க" என்று மணியடித்துவிட்டார். மச்சான், நான் எத்தனையோ தேர் பார்த்திருக்கிறேன், ஒரு தேர் நிலைக்கு வந்தபோதும் இப்படிப் புல்லரித்ததில்லை!

கண்டியில் ஒவ்வொருத்தியாக வந்து, "பைய தாங்க", "பைய தாங்க" என்று கேட்டு வாங்கினார்கள். கடைசியாக சர்மிளா. "பைய தாங்க" என்றாள். ஒரு தடவைதான். உடனே நீட்டினான். அவள் அவன் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்: "ஒரு தடவ கேட்டதும் தந்துட்டீங்கல்ல? அப்ப இவ்வளவு நாளும் வெளங்காம செய்யல." எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது. பிறகு இன்ஷாப் பஸ் நிலையத்தில் நின்ற பொலிஸ்காரரைக் கூட்டிவந்தார். பிள்ளை அந்த நாற்பத்தொரு மெசேஜையும் காட்டி முறைப்பாடு எழுதிக்கொடுத்தாள். பதினாலு பேரில் ஒன்பது பேர் வேலைக்குப் பிந்தினாலும் பரவாயில்லை என்று சாட்சிக்கு நின்றார்கள். கோழியும் நின்றது. இனி எந்தப் பெண்ணிடமும் இப்படி நடக்கமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்து வைத்தவன், இப்போது வேறு பஸ்ஸில் போகிறானாம், நின்றுகொண்டே போகிறானாம்.

ஆகவே மச்சான், மேற்படி உத்தரவைத் தாங்கள் வாபஸ் வாங்கும்படி தாழ்மையுடனும், முதன்முறையாகக் கொஞ்சம் நிமிர்ந்தும் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை வேலையை விடமாட்டாள். சினேகம் எது, சேட்டை எது என்பது எனக்கு இப்போது தலைகீழ்ப்பாடம். சந்தேகம் உள்ளவர்கள் என்னிடம் வந்து கேட்கலாம்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. தங்கள் முழங்காலுக்கு நல்லெண்ணெய்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் புண்ணியத்தால் வாழும்,
ராஜரத்தினம்,
பெரிய கிளாக்கர் (ஓய்வு).

பின்குறிப்பு: மாமா, சர்மிளா எழுதுறேன். தபால்ல போடச் சொல்லி அப்பா தந்தாரு. கேட்டுத்தான் படிச்சேன். திட்டம் நானும் மஸீனா டீச்சரும் போட்டது. அப்பாவுக்குச் சொன்னா அவரு அந்த ஆளுக்கே சொல்லிடுவாருன்னு சொல்லல. "ஐயோ பாவம், ரெண்டு பைய இங்கிட்டுத் தாங்க"ன்னு எழும்புன புத்திகெட்டவன் அப்பாதான். அதுக்குப் பிறகு, சினேகம்னா என்னன்னு ஊருக்குக் காட்டணும்னு தெனமும் எங்கூட பஸ்ஸுல வந்து, யாரயும் கேக்காம எல்லாப் பொம்பளப் புள்ளைங்க பையயும் புடுங்கி மடியில வச்சிக்கிட்டாரு. நேத்து கம்பஸ் புள்ளைங்க ரெண்டு பேரு ஒருத்தர ஒருத்தர் பாத்தாங்க, பேசாம அடுக்க ஆரம்பிச்சாங்க. பதினேழு பை. நான்தான் எண்ணினேன். இன்னைக்கிக் காலையில ஒவ்வொருத்தர் கிட்டயும், "வாங்கி வச்சிக்கவாம்மா?"ன்னு கேட்டாரு. ரெண்டு பேர் வேணாம்னாங்க, சரிம்மான்னு கைய மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருந்தாரு.

அடுத்த கிழமை என் வேலையப் பத்திப் பேச வர்றீங்கன்னு அம்மா சொன்னாங்க. வாங்க மாமா. கம்பளை வழியா வந்து பேராதனையில கலஹா பஸ்ஸுக்கு மாறுங்க. சாயங்காலம் அந்த பஸ்ஸுலதான் நானும் டீச்சரும் வருவோம். ஒங்களுக்கு சீட் கெடைச்சா எங்க பையக் கேளுங்க, சந்தோசமாத் தருவோம். வேலைய மட்டும் கேக்காதீங்க.