இட்லி மிச்சவரி

மகிழ்நாடு என்று ஒரு நாடு. அது எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்காதீர்கள். போகிற வழி உங்களுக்கே தெரிந்திருக்கலாம். அந்நாட்டு மக்கள் இட்லியைத் தின்று, இட்லியைப் பற்றியே பேசி வாழ்ந்தவர்கள். ஆகவே இரண்டு காசு இட்லி நான்கு காசு ஆனபோது அரண்மனை வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

மன்னர் நடுங்கிப்போனார். ஆறுதல் துறை அமைச்சர் பெருமிதராயர் மட்டும் அசையவில்லை.

"விலையைக் குறைப்பது அற்பர்களின் வழி, மன்னா. நம்மினும் விலை மிகுந்த நாடொன்றைக் கண்டறிந்து குடிகளுக்குக் காட்டுவதே இராஜதந்திரம்" என்றார்.

மிளகு வியாபாரி மாசிலாமணியை அழைத்து வந்தார்கள். பல நாட்டுத் தண்ணீர் குடித்தவன். எந்த ஊருக்குப் போனாலும் இட்லி விலையை விசாரிக்காமல் அவனுக்குத் தூக்கம் வராது. மனைவி செவ்வந்தி சந்தையில் இட்லிக் கடை நடத்தியதால் வந்த பழக்கம்.

"பனிநாட்டில் இட்லி உண்டா?" என்று கேட்டார் ராயர்.

"உண்டுங்கய்யா. நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் கடை போட்டிருக்கார். ஒண்ணு நாப்பது காசு. ஆனா அங்க ஒரு நாள் கூலியே..."

"கூலியை யாம் வினவவில்லை."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட மாசிலாமணிக்கு 'அரசுப் பயணி' என்ற பட்டமும் ஒரு சரிகைத் தலைப்பாகையும் கிடைத்தன. மறுநாளே முரசு அறைந்தார்கள். இனி இட்லி தின்கிறவர் எவராயினும், முதல் விள்ளலை வாயில் வைக்குமுன் வடக்கே பனிநாட்டுப் பக்கம் திரும்பி, "முப்பத்தாறு காசு மிச்சம்" என்று சொல்லவேண்டும். மக்களும் சொன்னார்கள். சொல்லச் சொல்ல, கொஞ்சம் வசதி வந்துவிட்டது போலத்தான் இருந்தது அவர்களுக்கு.

அந்தச் சத்தம் ராயரின் காதிலும் விழுந்துகொண்டே இருந்தது.

"இட்லிக்கு முப்பத்தாறு காசு மிச்சம் பிடிக்கும் குடிகள், அதில் இரண்டு காசை அரசுக்கு ஈயலாகாதா?" என்றார். மிச்சவரி பிறந்த கதை இதுதான். இட்லி ஆறு காசு ஆயிற்று. மக்களின் மிச்சம் முப்பத்துநான்காகக் குறைந்துவிட்டதால் அரசுக்கு நஷ்டம் என்று கூறி, வரியில் இன்னும் இரண்டு காசைக் கூட்டினார்கள். இதைக் கணக்கு என்று சொன்னவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

செவ்வந்தி கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டினாள்.

"எல்லாம் உங்க வாயால வந்த வினை" என்றாள் கணவனிடம். "நீங்களே போயி கூலியையும் சேத்துச் சொல்லுங்க. பனிநாட்டுல ஒரு நாள் கூலிக்கு அம்பது இட்லி வாங்கலாம். இங்க மூணுதான். பக்கத்து நாட்டுல ஒரு காசுக்கு ஒண்ணு விக்குதுன்னீங்களே, அதையும் சொல்லுங்க."

அவன் சபையில் போய் அப்படியே சொன்னான்.

"விலை குறைந்த நாடு நாடே அன்று. அது ஒரு வதந்தி" என்று தீர்ப்பளித்தார் ராயர். பிறகு கனிவோடு, "உன் மனைவியின் கடை எப்படி நடக்கிறது?" என்று விசாரித்தார்.

"யாரும் வர்றதில்லைங்கய்யா. கட்டுப்படியாகாம ஜனங்க பட்டினி கெடக்குறாங்க."

ராயரின் முகம் மலர்ந்தது. இட்லியே தின்னாதவனுக்கு நாற்பது காசும் அப்படியே மிச்சம் அல்லவா? அன்று மாலையே பட்டினி கிடப்பவர்கள் பெருஞ்செல்வர்கள் என்று அறிவிக்கப்பட்டு, அவர்களுக்கு இரட்டை வரி விதிக்கப்பட்டது. கட்டாதவர் வீட்டுப் பாத்திரங்களை ஜப்தி செய்ய ஆட்கள் கிளம்பினார்கள்.

தங்கள் தெருவுக்கு அவர்கள் வருமுன் செவ்வந்தி இட்லிப் பானையைத் தலையில் தூக்கிக்கொண்டாள். அந்தப் பானை போனால் அவளுக்குப் பிழைப்பே போயிற்று.

"எங்க புள்ள போற?" என்றான் மாசிலாமணி.

"அந்த வதந்திக்குத்தான். வாங்க."

வதந்தி நல்ல செழிப்பாகவே இருந்தது. எல்லையைத் தாண்டிய முதல் ஊரிலேயே கடை போட்டார்கள். ஒரு காசுக்கு ஒன்று விற்றும் அவளுக்குக் கையில் லாபம் நின்றது. கூலியாட்கள் வயிறு நிறையத் தின்று, எந்தத் திசையையும் பார்க்காமல் கைகழுவிப் போனார்கள். அதைப் பார்த்து ஒருநாள் அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

அப்புறம் ஒரு காலையில் பட்டுத் தலைப்பாகை கட்டிய அதிகாரி ஒருவர் வந்தார். நான்கு இட்லி சாப்பிட்டார். ஏப்பம் விட்டார்.

"தாங்கள் வெளிநாட்டவர் என்று கேள்வி. தங்கள் நாட்டில் இட்லி என்ன விலையோ? எம் மன்னர் அறிய விழைகிறார். விலை மிகுந்த நாட்டைச் சொல்பவருக்குப் பட்டமும் உண்டு" என்றார்.

மாசிலாமணி வாயைத் திறந்தான். செவ்வந்தி கரண்டிக் காம்பால் அவன் விலாவில் ஓர் இடி இடித்தாள்.

"எங்க ஊர்லயா?" என்றாள். "சும்மாதாங்க குடுப்பாங்க. சட்னியைக் கேக்காமலே ஊத்துவாங்க. தின்னு தின்னு சலிச்சுப்போயிதான் நாங்க இங்க வந்தோம்."

அதிகாரியின் முகம் சுண்டிப்போயிற்று. நான்கு காசை எண்ணி வைத்துவிட்டு, வேறு வெளிநாட்டவர் யாராவது அகப்படுவார்களா என்று சந்தைக்குள் நுழைந்தார்.

இன்னும் அங்கேதான் சுற்றிக்கொண்டிருக்கிறாராம். நீங்கள் அந்தப் பக்கம் பயணம் போனால், அவர் வந்து உங்கள் ஊர் விலைவாசியை விசாரித்தால், தயவுசெய்து உண்மையைச் சொல்லிவிடாதீர்கள். அங்கே இட்லி இன்னும் ஒரு காசுதான்.