நீல டம்ளரை நேரில் வந்து பெற்றுக்கொள்ளுமாறு வேண்டுதல்

மதிப்பிற்குரிய வீட்டு உரிமையாளர் அவர்களுக்கு,

தங்களுடைய கீழ்வீட்டில் குடியிருக்கும் வாடகைதாரன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம். சமையலறைக் குழாய் சொட்டுவது நின்று அதுவும் சௌக்கியம். என் மனைவியைப் பற்றித்தான் அப்படி அடித்துச் சொல்ல முடியவில்லை, அதற்காகவே இந்தக் கடிதம். அங்கே தாங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? வெளியே போகும்போது தொப்பி போட்டுக்கொள்கிறீர்களா? வெயில் பட்டால் தங்களுக்கு மூக்கில் ரத்தம் வருமே. இதை யார் எனக்குச் சொன்னார்கள் என்று இப்போது ஞாபகம் வரவில்லை. வீட்டுத் தரகராக இருக்கலாம், அவர்தான் கேட்காததையெல்லாம் சொல்லக்கூடியவர்.

விஷயத்துக்கு வருகிறேன். வாடகை ஒப்பந்தத்தில் "காலி வீடு" என்று தெளிவாக எழுதி, நாம் இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். வீடு காலியாக இல்லை. தங்கள் தாயார் இருக்கிறார்கள். அவர்கள் போன வருஷமே காலமாகிவிட்டார்கள் என்பதும், அதன் பிறகுதான் தாங்கள் வந்து வீட்டைப் பூட்டிச் சாவியைத் தரகரிடம் கொடுத்தீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன். நான் கண்டதையும் நம்புகிற ஆள் இல்லை. பேருந்து நிலையத்தில், பயணிகள் மறந்து விட்டுப்போன சாமான்கள் பிரிவில் வேலை பார்க்கிறேன். குடை, டிபன் பாக்ஸ், ஒற்றைச் செருப்பு, ஒருமுறை முழுப் பல்செட் என்று எது வந்தாலும் சீட்டுக் கட்டி அலமாரியில் ஏற்றிவிடுவேன். உரியவர் நேரில் வந்து அடையாளம் சொல்லிக் கையெழுத்துப் போட்டால்தான் சாமான் கைமாறும். அந்தப் பல்செட்காரரும் நேரில்தான் வந்தார், அடையாளம் சொல்லத்தான் ரொம்பச் சிரமப்பட்டார்.

குடிவந்த அன்றே சமையலறை அலமாரிக்குப் பின்னால் ஒரு சின்ன நீலக் கண்ணாடி டம்ளர் கிடைத்தது, விளிம்பில் சின்ன உடைசல். பழக்க தோஷம், "கீழ்வீடு, உரிமையாளர் வரும்வரை" என்று எழுதிச் சீட்டுக் கட்டி, பெட்டிக்குள் போட்டுப் பரணில் ஏற்றினேன். மறுநாள் காலையில் அது சாப்பாட்டு மேசைமேல் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. சீட்டைக் காணோம். என் மனைவியைக் கேட்டேன். "நான் ஏங்க எடுக்கறேன்? நீங்க சீட்டுக் கட்டினா அந்தப் பக்கமே நான் போகமாட்டேன்" என்றாள். மறுபடி ஏற்றினேன், மறுபடி இறங்கியது. எங்கள் பிரிவில் இத்தனை வருஷத்தில் தானாக இறங்கிவந்த சாமான் ஒன்றுகூட இல்லை. இருந்தாலும் நான் விட்டுவிட்டேன். ஒரு டம்ளருக்காகப் பெண்டாட்டியோடு மல்லுக்கு நிற்க முடியுமா?

அதற்குப் பிறகுதான் மாடியில் இருக்கும் டெய்லர் அக்கா வந்து, கோடை விடுமுறை தொடங்கும் ஞாயிற்றுக்கிழமை கட்டடத்து ஜனங்கள் எல்லாரும் பின்முற்றத்தில் கூடுவார்கள் என்று சொன்னார். "பழ ஜூஸ் மட்டும் கீழ்வீட்டுல இருந்துதான் வரும் தம்பி. அது அப்படித்தான்." நாங்கள் புதிது, எங்களுக்கு எலுமிச்சம்பழச் சாறு கலக்கவே கை நடுங்கும் என்று சொல்லிப் பார்த்தேன். "யார் குடியிருந்தாலும் கீழ்வீடு கீழ்வீடுதானே" என்றார். சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்குப் பின்னால் சமையலறைப் பக்கம் பார்த்துத் தலையை ஆட்டினார், அங்கே யாரோ சரி என்று சொன்னதுபோல. திரும்பிப் பார்த்தேன். மேசைமேல் டம்ளர் நிமிர்ந்து நின்றிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் பழம் வாங்கி வந்து பையை வைத்ததுதான் தெரியும், அதற்குள் சமையலறையில் வேலை பாதி ஆகிவிட்டது. என் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள், ஞாயிறும் மதியம்வரை கடை உண்டு, அன்று லீவு போட்டுவிட்டாள் போலிருக்கிறது. தொட்டிக்கு மேலே இருக்கிற ஜன்னல் கண்ணாடியில்தான் அவளைப் பார்த்தேன். வெளியே வெயிலில் கண் கூசியதால் முகம் தெரியவில்லை, குனிந்த தலையும் தோளும் மட்டும் தெரிந்தன. ஆரஞ்சுப் பழம் உரிக்கச் சொன்னால் பாதிச் சுளையைத் தோலோடு குப்பையில் போடுகிறவள் அவள். அன்று அன்னாசிப் பழத்தைத் தோல் மட்டும் மெல்லிசாகச் சீவி, கண்களைச் சாய்வாக வரி வரியாகக் கீறி எடுத்ததைப் பார்த்து நான் வாயைப் பிளந்துவிட்டேன். ஆரஞ்சுகளைப் பிழிந்தாள், ஒரு விதைகூட விழவில்லை. தர்பூசணிச் சாற்றை முதல் நாளே ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்திருந்தாள், எப்போது வைத்தாள் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. "தண்ணி ஐஸ் போட்டா கடைசியா வர்றவனுக்கு வெறும் தண்ணிதான் மிஞ்சும்" என்று ஒரு குரல் சொன்னது. இஞ்சியைத் துணியில் வைத்து ஒரே ஒரு முறை முறுக்கினாள். புதினாவை உள்ளங்கையில் வைத்துப் பட்டென்று ஒரு தட்டு. எலுமிச்சை, கொஞ்சம் சர்க்கரை, விரல் நுனியில் உப்பு. சோடாவைத் தொடவே இல்லை. "அது கடைசில. ஆளுங்க உக்கார்ந்த பிறகு, ஜாடி ஓரமா, மெதுவா." குரல் ரொம்பப் பக்கத்தில் கேட்டது, அவ்வளவு பக்கத்தில் நின்று என் மனைவி பேசி ஞாபகம் இல்லை. நான் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்ததோடு சரி. ஆனாலும் அன்று முழுக்க என் விரல் நுனிகள் அன்னாசி பட்டதுபோல் எரிந்தன, நகக்கண்ணில் ஆரஞ்சுத் தோல் வாசம். பார்த்த எனக்கே இந்தக் கதி என்றால் செய்தவளுக்கு எப்படி இருந்திருக்கும், பாவம்.

குழாய் வைத்த பெரிய கண்ணாடி ஜாடியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்முற்றத்துக்குப் போனபோது வலது காலை லேசாக இழுத்து இழுத்து நடந்தாள். அவளுக்குக் கால் நன்றாகத்தான் இருக்கிறது. நாற்காலி போட்டுக்கொண்டிருந்த டெய்லர் அக்கா அந்த நடையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். தங்கள் தாயாரும் அப்படித்தான் நடப்பார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. என் வலது செருப்பும் அன்றிலிருந்து ஒருபக்கமாகத் தேய்கிறது, இந்தக் காலத்தில் செருப்பு எங்கே ஒழுங்காக வருகிறது? ஜனங்கள் உட்கார்ந்தார்கள், சோடா இறங்கியது, ஆளுக்கு ஒரு டம்ளர். முதல் வாய் குடித்ததும் முற்றமே அடங்கிப்போனது. நல்லாருக்கு என்றோ இன்னும் கொஞ்சம் என்றோ யாரும் சொல்லவில்லை. எல்லாரும் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள்கூடக் கத்தவில்லை. நல்ல வெயில், ஒரு இலை அசையவில்லை, ஆனால் எனக்கு முதுகு சில்லென்று இருந்தது.

இந்த நேரம் பார்த்து மூன்றாம் மாடி டிரைவிங் ஸ்கூல்காரர் துண்டுக்குள் எதையோ மறைத்துக்கொண்டு ஜாடிப் பக்கம் வந்தார். "சார், ஒரு மூடி. ஒரே ஒரு மூடி ஊத்தினா சும்மா ஜிவ்வுனு இருக்கும், யாருக்கும் தெரியாது" என்று கண்ணடித்தார். ஜாடி மூடியில் கை வைத்ததுதான் தாமதம், மணிக்கட்டில் பளீரென்று ஒரு அடி. "பிள்ளைங்க குடிக்கறதுல கை வெக்காதே!" பாட்டில் நழுவி, உடையாமல் உருண்டு, சாக்கடை ஓரம் வரை போய் அங்கே பொறுப்பாகச் சாய்ந்து தன்னைத் தானே காலி செய்துகொண்டது. அவர் கோபப்படவே இல்லை. கையைத் தடவிக்கொண்டு, வெளுத்துப்போன முகத்தோடு, "போன வருஷமும் இதே அடி, இதே இடம்" என்றார். அடித்தது என் மனைவி, ஆனால் அன்றிலிருந்து அவர் என்னைக் கண்டால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடுகிறார். வெட்கம் போலிருக்கிறது.

இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். எல்லாரும் குடித்து முடித்த பிறகு அவள் அந்த நீல டம்ளரை எடுத்து, ஐஸ் போட்டு, தளும்பத் தளும்ப நிரப்பி, மேலே ஒரு தட்டு வைத்து மூடி, கேட்டைப் பார்த்தாற்போல் இருந்த காலி நாற்காலியில் வைத்தாள். வைத்துவிட்டு, "உருண்டை இன்னும் வரலியா? பஸ் லேட்டா?" என்று கேட்டாள்.

கூடியிருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பெண்டாட்டி உளறினால் புருஷனைத்தானே பார்ப்பார்கள்? நான் அசட்டுச் சிரிப்புச் சிரித்துவைத்தேன். டெய்லர் அக்கா மட்டும் எழுந்து வந்து, என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார்.

"தம்பி, உருண்டைன்னா யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாதுக்கா."

"உங்க வீட்டுக்காரர்தான். சின்ன வயசுல உருண்டையா இருப்பாராம். அவங்கம்மா மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவாங்க. போன வருஷம் இதே நாளைக்கு வர்றேன்னு சொல்லியிருந்தார். இதே டம்ளரை நெறச்சு மூடி வெச்சுட்டு, சாயங்காலம் வரைக்கும் கேட்டையே பார்த்துக்கிட்டு உக்கார்ந்திருந்தாங்க. யாரையும் தொட விடல. அவர் வரல. அடுத்த வாரமே அம்மா போய்ட்டாங்க."

தங்களைக் குறை சொல்ல நான் யார்? தங்களுக்கு என்ன வேலையோ, என்ன அவசரமோ. ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது, அதை ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த டம்ளர் இப்போதும் சாப்பாட்டு மேசைமேல் மூடியபடி இருக்கிறது. வெயில் கொளுத்துகிறது, தார் ரோடு காலில் ஒட்டுகிறது, டம்ளருக்குள் ஐஸ் கரையவில்லை. ஓரம்கூட மழுங்கவில்லை. தெருவில் பஸ் நிற்கும் சத்தமோ கேட் திறக்கும் சத்தமோ கேட்டால் உள்ளே கிணுங்கென்று ஒரு சத்தம், அப்புறம் அமைதி. என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து என்னையே பார்க்கிறாள், கண் கலங்கியிருக்கிறது, என்னவென்று கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறாள். எனக்கு என் பழைய மனைவி வேண்டும். ஆரஞ்சைத் தோலோடு பிய்க்கிற, என் சீட்டுகளைக் கேலி செய்கிற அந்த மனைவி வேண்டும். அவளைத் தவிர எனக்கு யாரும் இல்லை. ஆகவே தாங்கள் தயவுசெய்து நேரில் வந்து, அடையாளம் சொல்லி, டம்ளரையும் தாயாரையும் பெற்றுக்கொண்டு, வீட்டை ஒப்பந்தத்தில் கண்டபடி காலியாக ஒப்படைக்க வேண்டுகிறேன். தவறினால் நாங்கள் வேறு வீடு பார்க்க வேண்டியிருக்கும் என்பதையும் வருத்தத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

தாங்களும் தங்கள் குடும்பமும் நோய்நொடி இல்லாமல், குளிர்ந்த மனதோடு, நிழலான இடத்தில் நீடூழி வாழ வேண்டும். சமையலறைக் குழாயும் தங்களுக்குத் தன் வணக்கத்தைத் தெரிவிக்கச் சொன்னது.

இப்படிக்கு,
தங்கள் கீழ்வீட்டு வாடகைதாரன்

பின்குறிப்பு: தபாலில் சேர்க்கச் சொல்லி இதை என் மனைவியிடம் கொடுத்தேன். அவள் நின்ற இடத்திலேயே பிரித்துப் படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என்னங்க இது? அன்னிக்கு நான் மத்தியானம் வரைக்கும் கடையிலதான் இருந்தேன். நான் வரும்போது நீங்கதான் ஜாடியைத் தூக்கிக்கிட்டுப் போனீங்க, காலை இழுத்து இழுத்து."

"அப்ப டிரைவிங் ஸ்கூல்காரரை அடிச்சது?"

"நீங்க."

"உருண்டை வரலியான்னு கேட்டது?"

"நீங்கதான். அதான் எல்லாரும் உங்களைப் பார்த்தாங்க. டாக்டர்கிட்ட போலாம்னு கூப்பிட்டா, வெயில்ல அலையாதேடின்னு சொல்றீங்க. நீங்க என்னை ஒரு நாளும் டி போட்டுக் கூப்பிட்டதில்லையே" என்று சொல்லி அழுதாள்.

எனவே மேற்கண்ட கடிதத்தில் "என் மனைவி" செய்ததாக வரும் இடங்களில் எல்லாம் "நான்" என்று திருத்தி வாசிக்கவும். அவளுக்கு ஒன்றும் இல்லை, அந்த மட்டில் நிம்மதி. சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள சமையலறை ஜன்னல் கண்ணாடிமுன் போய் நின்றேன். தலையைத் தடவினேன். கண்ணாடியில் இருந்தவரும் தடவினார், தடவி, கொண்டையைச் சரிசெய்துகொண்டார். எனக்குத் தலையில் முடியே கிடையாது.

வேறு வீடு பார்ப்பதாக எழுதியதை அடித்துவிடவும். எந்த வீட்டுக்குப் போனாலும் சாமான் என்னோடுதான் வரும். உரியவர் நேரில் வந்தால்தான் கைமாறும், அது விதி. வருவதாக முன்கூட்டிச் சொல்ல வேண்டாம், சொல்லிவிட்டு வராமல் இருந்தால் இன்னொரு தடவை தாங்காது. கோபம் ஒன்றும் இல்லை. யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார வேண்டாம், அனல் அடிக்கும், தொப்பி போட்டுக்கொள்ளவும். தொப்பி போட்டுக்கோ. வந்து ஒரு வாய் குடிச்சுட்டு உடனே கிளம்பிடு, உருண்டை. இந்த வெயில்ல நானும் எத்தனை நாள்தான்டா ஐஸைக் கரைய விடாம பிடிச்சு வெச்சிருக்கறது?