கூரையில் முளைத்த சாட்சி

இந்தக் குளிர்காலம் முழுக்க ராஜாவாக வாழ்வது என்று வெய்க்கோ முடிவுகட்டிவிட்டார்.

எதிர்வீட்டு ஐனி டீச்சர் ஸ்பெயினுக்கு வெயில் காயப் போயிருந்தார். போகும்போது சாவியைக் கொடுத்து, "குழாய் உறைஞ்சு வெடிச்சிடாம பாத்துக்கப்பா. தினமும் கொஞ்சமா அடுப்பெரிச்சா போதும்" என்றார்.

கொஞ்சமாவது! வெய்க்கோ விறகை அள்ளி அள்ளித் திணித்தார். வெளியே ஏரி கல்லாய் இறுகிக் கிடந்தது. உள்ளே அவர் வெறும் பனியனோடு ஆடுநாற்காலியில் ஆடினார். கையில் கடுகு சாஸ் தொட்ட சுட்ட இறைச்சி சாசேஜ். டிவியில் ஐஸ் ஹாக்கி. விறகு பிளக்கச் சொல்ல ஆளில்லை. வாசல் பனியை வாரச் சொல்ல ஆளில்லை. சொர்க்கத்துக்குப் போனவன் ஏன் திரும்பி வருவதில்லை என்று அவருக்கு அங்கேதான் புரிந்தது.

முன்கதவில் துடைப்பம் சாத்தியிருந்தால் வீட்டில் ஆளில்லை என்று அந்த ஊரில் அர்த்தம். அதை மீறி யாரும் கதவைத் தட்டமாட்டார்கள். வெய்க்கோ துடைப்பத்தை அலுங்காமல் அப்படியே விட்டுவிட்டு, பின்கதவு வழியாகப் போய்வந்தார். தன் மூளையை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

வீடு திரும்பும்போது மட்டும் இடுப்பைப் பிடித்துக்கொள்வார்.

"அப்பாடி! என்னா வேலை ஹில்க்கா! ஒரு குழாய் விடாம தொட்டுப் பாக்கணும்."

"பாவம்யா நீ" என்றாள் மனைவி. "மூஞ்சியெல்லாம் செவந்துபோச்சே."

"குளிருடி. அந்த வீடு ஐஸ்பெட்டி மாதிரி இருக்கு."

"அதான் மீசையில எண்ணெய் வழியுதோ?"

"அது... குழாய்க்குப் போட்ட எண்ணெய்."

"குழாய்க்குக் கடுகு சாஸும் தடவுவாங்களா?"

வெய்க்கோ மீசையைத் துடைத்துக்கொண்டு குளியலறைக்கு ஓடினார். ஹில்க்கா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தார். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் அப்படி நினைத்தார் பாருங்கள்!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹில்க்கா அவரைத் தெருவுக்கு இழுத்து வந்தாள்.

"அண்ணாந்து பாரு."

ஊரிலுள்ள கூரையெல்லாம் மெத்தை விரித்ததுபோல் பனி. டீச்சர் வீட்டில் மட்டும் புகைபோக்கியைச் சுற்றி வழுக்கை விழுந்திருந்தது. கூரையோரம் நெடுக, தொடை கனத்துக்குப் பனிவிழுதுகள் தொங்கின. தாழ்ந்த சூரியன் அத்தனைக்குள்ளும் தீபம் ஏற்றியிருந்தான். வெய்க்கோ வாயைப் பிளந்தார்.

"அடேயப்பா! என்னா அழகு!"

"அழகுதான். ஐஸ்பெட்டி மாதிரி இருக்கற வீட்டுல இது எப்படிய்யா முளைச்சுது?"

வெய்க்கோவின் கை தானாக மீசையைத் துடைத்தது.

"நீ உள்ள அனலடிச்சே. கூரைப் பனி உருகி வழிஞ்சு, ஓரத்துல வந்து உறைஞ்சு அணை கட்டிருச்சு. இனிமே உருகற தண்ணி எங்க போகும்? டீச்சரோட கட்டிலுக்கு மேலதான். வந்து குடையைப் புடிச்சிக்கிட்டுத் தூங்கட்டுமா அவங்க?"

வாய்ப்பாடு ஒப்பிக்காததற்காக டீச்சர் முறைத்த முறைப்பு இன்னும் வெய்க்கோவுக்குக் கனவில் வரும்.

"ஐயையோ! தண்ணி உள்ள எறங்கிடுச்சா?"

"இன்னும் இல்ல. காலையிலதான் பரண்ல ஏறிப் பாத்தேன்."

"சாவி என்கிட்டல்ல இருக்கு?"

"எனக்கும் ஒண்ணு குடுத்துட்டுத்தான் போனாங்க. உன்னை மூணாங்கிளாஸ்லேர்ந்து பாக்கறவங்களாச்சே!"

வெய்க்கோ மனைவியைப் பார்த்தார். சற்றுமுன் பனிவிழுதுகளைப் பார்த்த அதே பார்வை.

"துடைப்பத்தைக்கூட நான் அசைக்கலியேடி. எப்படிக் கண்டுபுடிச்சே?"

"நீ கதவை மட்டும் பாத்தே. நான் வீட்டைப் பாத்தேன். ஏறு!"

இடுப்பில் கயிறு, கையில் பனிமண்வெட்டி. வெய்க்கோ கூரைமேல் பனியை வாரித் தள்ளினார். ஓரத்து ஐஸைக் கொத்தினார். நிமிர்ந்து பார்த்தால் நான்கு பக்கமும் வெள்ளைக் காடு, நடுவில் உறைந்த ஏரி. இருட்டுமுன் வானம் முழுக்க ரோஜா நிறம். எவ்வளவு பெரிய குளிர்காலம்! அதைக் கீழே நின்றே கணக்குப் போட்டுவிட்டாளே, அவள் எவ்வளவு பெரியவள்!

விரல்கள் மரத்துப்போயின. புகைபோக்கியிலிருந்து மெல்லிசாக, அளவாக ஒரு புகை எழும்பியது. கூடவே காபி மணம். கீழே ஆடுநாற்காலி கிரீச்சிட்டது. ஹாக்கியில் யாரோ கோல் போட்டார்கள்.

வெய்க்கோ கூரையில் குப்புறப் படுத்துக் கத்தினார்.

"ஹில்க்கா! வெறைச்சுப்போச்சுடி! எனக்கும் ஒரு வாய் காபி குடேன்!"

ஜன்னல் விரலளவு திறந்தது.

"யோவ், ஆளில்லாத வீட்டுல யாருய்யா காபி போடுவா?"